எடைக்கு அடுத்த கேள்வி



எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய முன்பருவக் கல்வி பற்றி மாநாடு கூட்டிப் பேச மதுரைக்குத் தனி உரிமை உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது அவற்றுள் ஒன்றாக இருந்தது நிலக்கோட்டை. அன்று அது மதுரை மாவட்டம். ஐந்தாண்டுகளில் அடுத்த முயற்சி வந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால் பதித்த இடம் இதே மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் வைத்தார்கள். எடை சரிவர ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவு கொடுத்து, தாயோடு உட்கார்ந்து பேசி, தேறியதும் நிறுத்தினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டும் திட்டம் அது.

உணவுத் திட்டம் என்று மட்டும் அதைப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம் என்பது என் கருத்து. பின்தங்கும் குழந்தையைப் பின்தங்கும் மாதத்திலேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே, குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண் கண்டுகொள்வதுதான் அதன் உயிர்நாடி. உள்ளடக்கிய கல்விக்கு இதைவிட நல்ல அடித்தளம் எங்கே இருக்கிறது? ஆனால் எடையோடு நின்றுவிட்டோம். கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா, அம்மாவின் முகத்தில் அதன் கண் நிலைக்கிறதா, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லையா என்ற கேள்விகளை, எடையைக் கேட்ட அதே பிடிவாதத்தோடு நாம் கேட்கவில்லை.

"இவன் அப்பனும் மூணு வயசுலதேன் பேசுனான், எல்லாம் சரியாப் போகும்" என்று மேலூர்ப் பக்கத்து அப்பத்தா பேரனை அணைத்துக்கொண்டு சொல்வதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பல குழந்தைகள் விஷயத்தில் அந்த வாக்கு பலிக்கவும் செய்கிறது. காது கேளாத குழந்தைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு ஈடுசெய்ய முடியாத இழப்பு. உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். ஒன்றரை வயதில் கண்டறிந்தால் பேச்சு வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஐந்தரை வயதில் கண்டறிந்தால் வாசல் மூடும் நேரம். அறுவை முடிந்த பிறகும் தொடர்ந்து பேச்சுப் பயிற்சி வேண்டும். வாரந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி நகரத்துக்கு வரும் தாய் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? பயிற்சியை ஊருக்குக் கொண்டுபோனால்தான் அறுவைக்குச் செலவிட்ட பணத்துக்கும் பொருள் இருக்கும்.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இந்நகரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், 1990களில் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து, தாயின் கருக்காலத்தில் தொற்றிய ரூபெல்லா அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று என்று காட்டினார்கள். கண்ணோடு காதையும் இதயத்தையும் தாக்கும் நோய் அது. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2017இல். ஆய்வுக்கும் ஊசிக்கும் நடுவே பிறந்த பிள்ளைகள் இன்று நம் தெருக்களில் வளர்ந்து நிற்கிறார்கள். கட்டுரை அச்சேறியதோடு நம் வேலை முடிந்தது என்று இந்த அரங்கில் யாரும் நினைக்கக் கூடாது.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை கல்வியை உரிமை என்றது. 2002இன் 86ஆம் அரசமைப்புத் திருத்தம் அதை ஆறு முதல் பதினான்கு என்று சுருக்கி, ஆறுக்குக் கீழுள்ளவர்களை அரசு முயல வேண்டிய நெறியாக 45ஆம் பிரிவில் வைத்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இலவசக் கல்வியை ஆறு முதல் பதினெட்டு வயது வரைதான் உறுதியளிக்கிறது. மூளை வேகமாக வளரும் ஆண்டுகளில், உதவி மிகவும் பயன்படும் பருவத்தில், குழந்தைக்குக் கல்வி உரிமை இல்லை. இது திருத்தப்பட வேண்டிய பிழை. இம்மாநாடு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று என்னை வருத்துகிறது. மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் எழுதி வைத்த பள்ளிகள் மதுரையில் தெருவுக்குத் தெரு உண்டு. மரியா மாண்டிசோரி முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தது அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ரோமில் ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு. அவர்களோடு பழகிக் கண்டறிந்த கருவிகளையும் முறைகளையும்தான் 1907இல் அதே நகரின் சான் லோரன்சோ பகுதி ஏழைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். 1939இல் சென்னை அடையாறுக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று எல்.கே.ஜி. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளும் மணிகளும் அந்தக் குழந்தைகள் நமக்குத் தந்த கொடை. அதே பெயர் தாங்கிய பள்ளி, ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வரும் பெற்றோரிடம் "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று சொன்னால், அதை நன்றிகெட்ட செயல் என்றே நான் சொல்வேன்.

அப்படித் திருப்பியனுப்பப்படும் பிள்ளைக்கு மிஞ்சுவது பால்வாடிதான். அங்கன்வாடிக்கு மக்கள் வாயில் இன்றும் அதுதான் பெயர். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லாத வாசல்கள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின் அசைவுப் பாடல்களில் காது கேளாத பிள்ளையும் கையசைத்துச் சேர்ந்துகொள்ளலாம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு முதுகைத் தாங்க ஒரு மூலை நாற்காலி போதும். உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். சத்துமாவைச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டத் தெரிந்தால் புரையேற்றம் குறையும். இவற்றுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் யார் செய்வது? ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை, பதிவேடு, கர்ப்பிணிகள் கணக்கு, போஷன் டிராக்கர் செயலியில் பதிவு, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர்கள் தலையில். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. கண்டறிதல், மையத்தில் சேர்த்துக்கொள்ளுதல், மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என்று நல்ல வரிசை. கூடுதல் கை தராமல் கூடுதல் கடமை மட்டும் தந்தால், அதுவும் இன்னொரு பதிவேடாகத்தான் முடியும். வட்டாரத்துக்கு ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் குறித்த நாளில் மையத்துக்கே வந்து, பணியாளரோடும் தாயோடும் தரையில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். ஒருநாள் பயிற்சி முகாமும் சான்றிதழும் இதற்கு ஈடாகா.

ஆகவே அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி நிரலில் பேராசிரியர்களின் அமர்வு முதலிலும் களப்பணியாளர்களின் அமர்வு கடைசி நாள் பிற்பகலிலும் இருக்கிறது. இதை மாற்றுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் முதலில் பேசட்டும். எந்தக் குழந்தையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள் என்று சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு நம் கட்டுரைகளைப் படிப்போம். இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.