சிறைவாசியின் மூச்சும் ஓர் அமானிதமே!

 



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் பள்ளிவாசல் படியருகே வந்து நின்றார். கையில் தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத், ஓதித் தாருங்கள். மகனுக்கு இருமல் நிற்கவில்லை" என்றார். விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. மகன் விசாரணைக் கைதியாக இருந்து ஜாமீனில் வந்தவர். சிறையில் காசநோய் எனக் கண்டறிந்து மருந்து தொடங்கியிருந்தார்கள். வெளியே வந்ததும், ஊரார் அறிந்துவிடுவார்களோ என அஞ்சி, இரண்டாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நான் ஓதிக் கொடுத்தேன். "நாளைக் காலையே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றும் கூறினேன்.

சகோதரர்களே! காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போது காற்றில் கலந்து பிறர் நுரையீரலை அடைகிறது. கிருமி புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் அது நோயாக வெளிப்படும். மற்றவர்கள் உடலில் உறங்கிக் கிடக்கும். அந்நிலையில் பிறருக்குத் தொற்றாது. சிறைக்குள் நுழையும் பலரும் இவ்வாறு உறங்கும் கிருமியோடுதான் செல்கிறார்கள். ஊட்டமின்மையும் பிற நோய்களும் அதை எழுப்பிவிடுகின்றன. காற்றோட்டமற்ற நெருக்கடியில் ஒருவரின் இருமல் பலரின் நோயாகிறது.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தனர். நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். உலகச் சிறைகளில் 2019இல் ஏறத்தாழ 1,25,000 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதென்றும், பாதியளவினருக்கே அது கண்டறியப்பட்டதென்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நெல்சன் மண்டேலா 26 ஆண்டுகள் சிறையில் கழித்த நிலையில் 1988இல் இந்நோய்க்கு ஆளானார். சிகிச்சை பெற்றுக் குணமடைந்து, 1994இல் தென்னாப்பிரிக்க அதிபரானார். அவர் பெயரால் 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சிறை விதிகள், சிறைக்கு வரும் ஒவ்வொருவரையும் இயன்றவரை விரைவில் மருத்துவப் பரிசோதனை செய்யுமாறு கூறுகின்றன.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். நாம் விலகிக்கொள்ளலாம், சிறைவாசி எங்கே விலகுவார்? அவர் மூச்சு, அடைத்து வைத்திருப்போரிடம் ஓர் அமானிதம். விடுதலையாகி வந்தபின் அது நம்மிடம் அமானிதம். குற்றமற்ற யூஸுஃப் (அலை) அவர்களும் சிறையில் இருந்தார்கள் என்பதை மறந்து, சிறை சென்றவரை இழிவாக எண்ணாதீர்கள்.

உறவினர் எவரேனும் சிறை செல்ல நேர்ந்தால், இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்க வேண்டாமெனச் சொல்லுங்கள். முன்பு சிகிச்சை பெற்றிருந்தால் அதையும் சொல்லட்டும். வெளியே வரும்போது சிகிச்சைச் சீட்டைக் கேட்டு வாங்கி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கொடுங்கள். வீட்டிலுள்ளோரும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத நோயாக மாறக்கூடும். சிகிச்சை இலவசம், சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது.

அந்த இளைஞர் மீண்டும் மருந்து உண்ணத் தொடங்கிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்! அவர் யாரென்று என்னிடம் கேட்காதீர்கள். இப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் மருந்தை மறைக்க வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.