தேடுவோர்க்குத் தேர்வு உண்டா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேடுபொறி. நாள்தோறும் பலமுறை நீங்கள் கையாளும் கருவி அது. ஆதலால் அதைப்பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். கையாளும் முறையைச் சொல்ல நான் வரவில்லை; அதில் என்னைவிட நீங்களே வல்லவர்கள். அந்தப் பொறியை உங்களுக்குத் தேர்ந்து கொடுத்தவர் யார் என்னும் ஒரு கேள்வியைக் கேட்கவே வந்திருக்கிறேன். "நானேதான் தேர்ந்தேன்" என்று விடை கூறுமுன் சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் தேடுபொறி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல நூல்களின் இறுதியில் சொல்லடைவு ஒன்று இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அது காட்டும். இணையம் முழுவதற்கும் அத்தகைய ஒரு சொல்லடைவை ஆக்கி வைத்திருப்பதே தேடுபொறியின் முதல் வேலை. ஒரு சொல்லுக்குப் பல இலட்சம் பக்கங்கள் கிடைக்குமானால், அவற்றுள் எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்வது இரண்டாம் வேலை. அரிய வேலை இதுதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டனர். அறிஞர் பலர் எடுத்துக்காட்டும் நூலை நாம் மதிக்கிறோம் அல்லவா? அதுபோலப் பிற பக்கங்கள் பலவும் சுட்டும் பக்கமே சிறந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். 1998-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நிறுவனமே கூகுள். அது திறமையால் வென்றது. இதை மறுப்பவர் எவரும் இலர்.

திறமையால் கிடைத்த இடம், பின்னர் வேறு வழிகளாலும் காக்கப்பட்டதா என்பதே வழக்கு. அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. ஏகபோகத்தைத் தடுக்க 1890-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டார் இயற்றிய ஷெர்மன் சட்டத்தின்கீழ் அவ்வழக்கு நடந்தது. 2023 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள், கூகுள் ஏகபோக நிறுவனமே என்றும், அந்நிலையைச் சட்டத்துக்கு மாறான வழியில் அது காத்துவந்தது என்றும் தீர்ப்பளித்தார். 2020-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு தேடல்கள் கூகுள் வழியாகவே நடந்தன. கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

அது காத்த வழி என்ன? இங்கே ஒரு சொல்லை நீங்கள் அறிதல் வேண்டும், அது 'முன்னமைவு'. கைப்பேசியை வாங்கித் திறந்தவுடன், நீங்கள் ஒன்றும் செய்யாமலே, ஒரு தேடுபொறி அதில் அமைந்திருக்கிறது. அந்த இடத்தைப் பெறுவதற்காகக் கூகுள் பிற நிறுவனங்களுக்குப் பணம் தருகிறது. 2021-ஆம் ஆண்டில் இவ்வாறு அது கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஆப்பிள் நிறுவனத்துக்கு மட்டும் 2022-இல் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழப் பாதி, இத்தகைய ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட வாயில்களின் வழியாகவே சென்றன என்று நீதிமன்றம் கண்டது.

நம் கோயில் வாசல்களை நினைத்துப் பாருங்கள். கோபுரத்தை ஒட்டிய முதற்கடையை ஏலத்தில் எடுப்பதற்குப் போட்டி மிகுதி. பத்தடி தள்ளியிருக்கும் கடையிலும் அதே தேங்காய், அதே பழம், அதே பூ. தள்ளியிருக்கும் கடைக்குப் போகக்கூடாது என்று எவரும் தடுப்பதில்லை. எனினும் பெரும்பாலோர் முதற்கடையில்தான் அர்ச்சனைத் தட்டு வாங்குகிறார்கள். காலும் அங்கே நின்றுவிடுகிறது. கையும் பைக்குள் போய்விடுகிறது. முதற்கடைக்காரர் பூ மணத்துக்காகவா அவ்வளவு வாடகை கொடுக்கிறார்? இடத்துக்காகவே கொடுக்கிறார். "எங்கள் பொறி சிறந்தது, ஆதலால் மக்கள் தாமே எங்களைத் தேடி வருகிறார்கள்" என்று சொல்லும் ஒரு நிறுவனம், வாசலில் நிற்பதற்கு மட்டும் ஆண்டுக்கு இத்தனை கோடி கொடுப்பானேன்?

இதற்கு மறுதலையான சான்றும் அவ்வழக்கிலேயே கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எட்ஜ் என்னும் உலாவியில் முன்னமைவாக இருப்பது அந்நிறுவனத்தின் பிங். அந்த உலாவியில் நடக்கும் தேடல்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பிங் வழியாகவே நடக்கின்றன, கூகுளுக்கு இருபதே. ஊரெங்கும் நூற்றுக்குப் பத்துப் பேரையும் பெற முடியாத ஒரு பொறி, தன் வாசலில் மட்டும் எண்பது பேரைப் பெற்றுவிடுகிறது. அந்த எண்பது பேரும் பிங்கை ஆராய்ந்து தெளிந்தவர்கள் என்று நான் நம்பவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருதலைப்பட்சமாகப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஃபயர்ஃபாக்ஸ் என்னும் உலாவி 2014-இல் அமெரிக்காவில் கூகுளை விட்டு யாஹூவை முன்னமைவாக ஏற்றது. பயனாளர் பலர் தாமாகவே கூகுளுக்குத் திரும்பினர். 2017-இல் அந்த உலாவியும் கூகுளிடமே திரும்பியது. கூகுளின் தரம் உயர்ந்தது என்பதை நீதிபதியும் தம் தீர்ப்பிலே ஒப்புக்கொண்டார். ஆகவே முன்னமைவு ஒன்றே எல்லாம் என்று கூறிவிட முடியாது.

ஆனால் அந்தத் தரம் எங்கிருந்து வருகிறது? இதை உற்று நோக்குங்கள். நீங்கள் ஒன்றைத் தேடி, முதலில் வந்த பக்கத்தை விட்டு மூன்றாவதைத் தொட்டால், அந்தப் பொறி ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. எழுத்துப் பிழையோடு நீங்கள் தட்டிய சொல்லும் அதற்கு ஒரு பாடமே. கூகுளுக்கு ஒரு நாளில் வரும் கேள்விகள், அதன் போட்டியாளர் அனைவருக்கும் சேர்ந்து வருவனவற்றைப் போல் ஒன்பது மடங்கு என்று தீர்ப்பு கூறுகிறது. 'இன்றைய வானிலை' என்பது போன்ற பொதுக் கேள்விகளுக்கு எல்லாப் பொறிகளும் நல்ல விடை தந்துவிடும். ஓர் ஊர்க் கோயிற் கல்வெட்டைப்பற்றியோ, அரியதொரு நோயைப்பற்றியோ கேட்கும்போதுதான் வேற்றுமை தெரியும். அத்தகைய கேள்வி எவரிடம் முன்பே பலமுறை வந்திருக்கிறதோ அவரே நன்கு விடையளிப்பார். பலர் வருவதால் பொறி சிறக்கிறது. சிறப்பதால் பலர் வருகிறார்கள். வாசலில் இடம் கிடைக்காதவன் இந்தச் சுழலுக்குள் நுழையவே வழியில்லை.

நுழைய முயன்ற ஒருவரின் கதை நமக்கு அணித்தானது. ஸ்ரீதர் ராமசுவாமி என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர், கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். அதைவிட்டு விலகி, நீவா என்னும் தேடுபொறியைத் தோழர்களுடன் தொடங்கினார். அதில் விளம்பரம் கிடையாது. பயன்படுத்துவோர் தரும் சந்தாவே வருவாய். 2021-இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்த அப்பொறி 2023-இல் மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவது ஒன்று, மக்களைப் பழகியதிலிருந்து மாறச் செய்வது முற்றிலும் வேறொன்று என்பதே மூடும்போது அவர்கள் தெரிவித்த அனுபவம். உள்ளிருந்து தொழில் கற்றவருக்கே இந்நிலை.

இனித் தேர்வுக்கு வருவோம். "முன்னமைவுதானே தொல்லை? கைப்பேசியைத் திறக்கும்போதே பல பொறிகளின் பெயர்களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டுவிட்டால் போயிற்று" என்று அரசுகள் எண்ணின. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதைச் சிறிது குறைத்தது. அதன் விளைவாக அத்தகைய தேர்வுத்திரை அங்கே வந்தது. வேடிக்கை என்னவென்றால், 2020-இல் அந்தத் திரையில் கூகுள் ஒழிந்த மற்ற இடங்களும் ஏலத்திலேயே விடப்பட்டன! கண்டனம் எழுந்தபின், 2021 செப்டம்பர் முதல் ஏலம் நீங்கிற்று. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்து, தேடுபொறியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பயனாளருக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. மேல்முறையீட்டு நடுவம் 2023 மார்ச்சில் அத்தண்டத்தை உறுதி செய்தது.

தேர்வுத்திரை வந்தபின் என்ன நேர்ந்தது? பெரும்பாலோர் கூகுளையே தொட்டனர். "பார்த்தீர்களா, மக்கள் விரும்புவது அதைத்தான்" என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. தேர்வு வினாத்தாள்களில் 'இவற்றுள் ஏதேனும் ஒன்றனுக்கு விடை எழுதுக' என்று இரண்டு வினாக்கள் இருக்கும். ஒரு பாடத்தை மட்டும் படித்து வந்த மாணவன், அப்பாடத்திலிருந்து வந்த வினாவைக் கண்டவுடன் எழுதத் தொடங்கிவிடுவான். மற்றதைப் படித்தும் பாரான். இத்தகைய விடைத்தாள்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். அவன் முதல் வினாவை விரும்பினான் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. வினாத்தாள் அவனுக்கு இரண்டு வழி கொடுத்தது. அவன் கற்றிருந்ததோ ஒன்று.

இது என் ஊகம் மட்டும் அன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சிலர் நடத்திய ஓர் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. கூகுள் பயனாளர் சிலரிடம் பெயர்ப்பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிங்குக்கு மாறியவர் நூற்றுக்கு ஒருவரே. வேறு சிலருக்குப் பணம் கொடுத்து, இரண்டு வாரம் பிங்கையே பயன்படுத்தச் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பணம் நின்ற பின்னும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பிங்கிலேயே தொடர விரும்பினர். நினைத்திருந்த அளவுக்கு அது மோசமில்லை என்பதைப் பழகியபின்தான் உணர்ந்தார்கள். ரஷ்யாவில் 2017-க்குப்பின் தேர்வுத்திரை வந்தபோது யாண்டெக்ஸ் என்னும் உள்நாட்டுப் பொறி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நன்கு முன்னேறியதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். யாண்டெக்ஸ் 1997 முதல் அம்மக்களுக்குப் பழக்கமான பெயர். தெரிந்த இரண்டுக்கு இடையில் அவர்கள் தேர்ந்தார்கள்.

பெயர்ப்பட்டியலின் நீளத்தைக் கண்டும் மயங்கிவிட வேண்டா. யாஹூவும் டக்டக்கோவும் தம் விடைகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்தே பெறுகின்றன. ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்து பெறுகிறது. தெருவில் ஆறு உணவு விடுதிகள். உள்ளே சென்று பார்த்தால் சமையலறை இரண்டு என்பது போன்ற நிலை இது. பிரேவ், மோஜீக் போலச் சொந்தமாக அடைவு ஆக்குவோரும் உளர்; அவர்கள் மிகச் சிலர். ஐயமிருந்தால் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். நீங்கள் நன்கறிந்த ஒரு பொருளை, உங்கள் ஊரைப்பற்றியே ஆகட்டும், கூகுளிலும் பிங்கிலும் மோஜீக்கிலும் தமிழிலேயே தேடி, முதற் பத்து விடைகளையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பட்டியலிலும் வருவன எவை, ஒன்றில் மட்டும் வருவன எவை என்று குறியுங்கள். ஒரு பட்டியலே உலகம் என்று இருந்துவிட்டால் எவற்றையெல்லாம் காணாது விட்டிருப்பீர்கள் என்பது அப்போது புலப்படும்.

முதலில் எது வருகிறது என்பதைப்பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. கூகுளைத் தொடங்கிய அவ்விருவருமே 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பர வருவாயால் நடக்கும் தேடுபொறி, தேடுவோரின் நலத்தைவிட விளம்பரம் தருவோரின் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். பின்னர் அவர்கள் நிறுவனம் வளர்ந்தது விளம்பரத்தால்தான். தேடுவோர் எளிதில் விலகிப் போகக்கூடிய நிலை இருந்தால், அந்தச் சாய்வுக்கு ஓர் அளவு இருக்கும்.

நீதிபதி மேத்தா 2025 செப்டம்பர் 2-ஆம் நாள் பரிகாரங்களை அறிவித்தார். குரோம் உலாவியைக் கூகுள் விற்றுவிட வேண்டும் என்று அரசு கேட்டதை அவர் ஏற்கவில்லை. கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்னும் தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார். தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தரவேண்டும் என்றார்.

"ஐயா, நாங்கள் இப்போது தேடுவதே இல்லை, செயற்கை நுண்ணறிவைத்தான் கேட்கிறோம்" என்று உங்களுள் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதே நீதிமன்றத்தில் 2025 ஏப்ரலில் கூகுள் அதிகாரி ஒருவர் ஒரு செய்தி சொன்னார். தங்கள் ஜெமினி என்னும் உரையாடற் செயலியைச் சாம்சங் கைப்பேசிகளில் முன்கூட்டியே வைப்பதற்கு, அவ்வாண்டு ஜனவரி முதல் மாதந்தோறும் பணம் கொடுத்து வருவதாக அவர் சாட்சியம் அளித்தார். செப்டம்பர்த் தீர்ப்பின் தடை ஜெமினிக்கும் பொருந்தும். ஆனால் அத்தடை தனியுரிமை ஒப்பந்தத்துக்கு மட்டுமே. வாசலில் இடம் பெறப் பணம் கொடுப்பதற்கு அன்று.