ஓடைப் பட்டியலும் நமது கடமையும்



ஊரை விட்டு வந்த நமக்கு, இணையத்தில் வெளிவரும் தமிழ் எழுத்துக்களை நாம் தேடிச் செல்லாமலே கொண்டுவந்து சேர்ப்பது செய்தியோடை. ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரில் 1999-இல் பிறந்தது அது. நாம் பெறும் ஓடைகளின் பட்டியல் முழுவதையும் ஓ.பி.எம்.எல். என்னும் ஒரே கோப்பாக எடுத்துப் பிறருக்கு வழங்கலாம்.

அதன் அருமை 2013-இல் விளங்கிற்று. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் கூகுள் ரீடர் மூடப்பட்டது. பட்டியலை உரிய காலத்தில் எடுத்து வைத்தோர் வேறிடம் பெயர்ந்தனர்; வையாதோர் முதலிலிருந்து தேட நேர்ந்தது.

நமது சங்கப் பட்டியலோ ஓர் அன்பரின் கணினியில் மட்டுமே இருக்கிறது. மாற்றல் உத்தரவு வந்து அவர் புறப்பட்டால், அதுவும் உடன் புறப்பட்டுவிடும். ஆகவே மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம்.

ஒன்று: பட்டியலின் படியொன்று சங்க நூலகத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டு: மூன்று திங்களுக்கொரு முறை இருவர் அமர்ந்து, மாறிய முகவரிகளைத் திருத்தி, மறைந்துபோன தளங்களை நீக்குதல் வேண்டும். நெடுநாள் மௌனமாக இருந்தது என்பதற்காக மட்டும் எதனையும் வெட்டலாகாது. அரிதாக எழுதுவோரையே நாம் எளிதில் மறக்கிறோம். அவர்களுக்காகவே ஓடை வேண்டும்.

மூன்று: கட்டணம் செலுத்திப் பெறும் ஓடையின் முகவரியில் அவரவர்க்குரிய இரகசியக் குறி இருப்பதுண்டு. பகிர்வதற்கு முன் அதனை நீக்குதல் வேண்டும்.

ஊர் ஏரியைக் குடிமராமத்தால் காத்த மரபினர் நாம். இவ்வோடைகளையும் அவ்வாறே காப்போம்.