கழிவுநீரைத் தெளிவிக்கும் கிருமிகள்



கிருமி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் வாந்திபேதியும் விஷ ஜுரமும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் பாலைத் தயிராக்குவதும், குழியிலிட்ட குப்பையை எருவாக்குவதும் கிருமிகளே. சாக்கடை நீரைச் சுத்தி செய்யும் கிருமிகளும் உண்டு. மனிதர் அவற்றை வேலைக்கு அமர்த்திய விதம் கேட்கத்தக்கது.

இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்துக் கழிவுநீரைச் சுத்தி செய்யும் நிலையத்தில், ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு ரசாயன நிபுணர்கள் அந்நீரைப் புட்டிகளில் நிரப்பி, அதனுள் ஓயாது காற்றைச் செலுத்தி வந்தனர். முதன்முறை நீர் முற்றும் சுத்தியாவதற்குச் சுமார் ஐந்து வாரங்கள் பிடித்தன. இத்தனை தாமதமான முறை எந்த நகரத்துக்கு உதவும்? ஆனால் அடியில் படிந்த வண்டலை அவர்கள் கொட்டிவிடவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அவ்வண்டலின்மேலேயே புதிய கழிவுநீரை வார்த்தனர். ஒவ்வொரு முறையும் காலம் குறுகிக்கொண்டே வந்து, முடிவில் ஒரு நாளுக்குள்ளாகவே வேலை முடிந்தது. இதனை 1914-ஆம் வருஷத்தில் அவர்கள் வெளியிட்டனர். வேண்டாத சேறென்று எண்ணப்பட்டது உண்மையில் கிருமிகளின் திரளாகும். நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்துவைத்து உறை ஊற்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய அதிசயமாய்த் தோன்றாது. இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்த கில்பர்ட் பௌலர் என்பவர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு ஆசிரியராக வந்தார்.

கழிவுநீரிலுள்ள மலம், கஞ்சி, எண்ணெய்ப் பசை முதலியன கிருமிகளுக்கு ஆகாரம். நீரில் கரைந்த பிராணவாயுவைக்கொண்டு அவை அவற்றைச் சிதைத்து, ஒரு பாகத்தைக் கரியமிலவாயுவும் நீருமாக மாற்றி, மற்றொரு பாகத்தால் தாம் பெருகுகின்றன. பின்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிக் கனத்து அடியில் இறங்குகின்றன. காற்று குறைந்தாலோ, காற்றின்றி வாழும் வேறு கிருமிகள் தலையெடுக்கும். தேங்கிய சாக்கடை கறுத்து, அழுகிய முட்டைபோல் நாறுவது இதனாலேயே.

கிருமிகள் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று நம்புதல் தவறு. உப்பையும் குரோமியத்தையும் அவை அழிக்கமாட்டா. பாலாற்றுப் பிரதேசத்தில் தோல் பதனிடும் கழிவால் நீர் கெட்டதுபற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது. மேலும், இவ்விதம் தெளிந்த நீரிலும் நோய்க் கிருமிகள் எஞ்சியிருக்கக் கூடுமாதலால் அது குடிக்கத்தக்கதன்று.

வீட்டு மலத்தொட்டியில் வேலை செய்வனவும் கிருமிகளே. நாற்றத்துக்கு அஞ்சி அதில் பினாயிலைத் தாராளமாய் ஊற்றுவோர், கூலி கேளாத வேலையாட்களைத் தாமே கொன்றவராவர்.

ஊர்க் குளமும் இத்தகைய தொட்டி போன்றதே. சிறிதளவு அழுக்கு வந்து சேர்ந்தால் குளத்துக் கிருமிகள் அதைத் தின்று தீர்க்கும். தெருச் சாக்கடை முழுவதும் அதில் விழுமாயின், கிருமிகள் மிகுந்து பிராணவாயுவைச் செலவழித்துவிடும். இரவில் பாசியும் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து நிற்கக் கண்டால், பகலில் அவை மீண்டும் கீழே சென்றுவிட்டன என்று வாளா இருத்தலாகாது. அன்றைக்கே சாக்கடை வாயைக் குளத்தினின்றும் திருப்பி, குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவிலுள்ள வாழைத் தோட்டத்துக்கு விடவேண்டும்.