வயிற்றில் ரத்தக்கசிவும் ஆஸ்பத்திரி பில்லும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் அவசரக் கடன் கேட்கும்போது அடிக்கடி சொல்லும் காரணம் ஆஸ்பத்திரிச் செலவு. அதில் ஒன்றை இன்று பேசுவோம்: வயிற்றுக்குள் ரத்தக்கசிவு.

குடற்புண், நாள்கணக்கில் போடும் வலி மாத்திரை, கெட்டுப்போன கல்லீரல் இவற்றால் இது வரும். ரத்தமாகவோ காப்பித்தூள் மாதிரியோ வாந்தி எடுத்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், "உடம்புச் சூடு"ன்னு மோர் குடிச்சிட்டுப் படுக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடணும்.

தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி, ரத்தம் ஏற்றுவது, ஐ.சி.யூ. என்று பில் ஏறும். தாலிக்கொடி அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் இது பணத்தைக் கட்டிட்டு அப்புறம் திரும்ப வாங்கும் திட்டம் இல்லை. ஆஸ்பத்திரியே ஒப்புதல் வாங்கணும். அதனால் சேர்க்கும்போதே கேளுங்க: "இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கா? இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கா?" அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த அட்டை செல்லும்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்க, டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியான பில், ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றின் அசலும் வேணும். கொடுக்கும் முன்னே ஜெராக்ஸ் எடுத்து வையுங்க.

இன்னொரு விஷயம். குடியால் வந்த நோய்க்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. கல்லீரல் குடியால் மட்டும் கெடுவதில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமியாலும், கொழுப்பு படிந்தும் கெடும். அதனால் சம்மரியில் காரணம் என்னன்னு எழுதியிருக்கு என்று படிக்கச் சொல்லிக் கேளுங்க. தவறாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பும் முன்னே டாக்டரிடம் சொல்லித் திருத்துங்க. பொய் எழுதச் சொல்லக் கூடாது. அது நமக்கே வினையாகும்.

பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்க. முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதணும். தீராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

நம்ம குழுவில் யார் யாருக்குக் காப்பீட்டு அட்டை இல்லைன்னு இந்த மாதமே எழுதுவோம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கிட்டு எல்லாரும் சேர்ந்தே கலெக்டர் அலுவலகம் போவோம். நோய் வந்த பிறகு அலைவதைவிட, இன்றைக்கு ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை.