எப்படி வெட்டித் தரட்டும் என்று கேட்டவர்



இந்த மேடையில் நாம் புலவர்களை நினைவுகூர்ந்திருக்கிறோம். தமிழாசிரியர்களையும் கோயில் கட்டியவர்களையும் போற்றியிருக்கிறோம். மறைந்த ஓர் இறைச்சிக்கடைக்காரருக்காக, அதுவும் தமிழில் நான்கு சொல்லுக்கு மேல் தெரியாத ஒரு கிரேக்கருக்காக, இங்கே கூடியிருப்பது இதுதான் முதல் தடவை. மரக்கறி மட்டும் உண்பவர்களும் பலர் வந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைக் கும்பிடுகிறேன்.

பெயர் சொல்லிப் புகழ வேண்டாம் என்று அவருடைய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கிரேக்கப் பிள்ளைகள் தாத்தாவைப் 'பாப்பூ' என்று கூப்பிடுவார்கள். கடையில் அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நம் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். எனக்கும் அந்தப் பெயர் போதும்.

பாப்பூ பிறந்தது பெலொப்பொனீஸ் மலைகளில், கல்லும் ஒலிவ மரமும் ஆடும் நிறைந்த ஒரு கிராமத்தில். 1941 ஏப்ரலில் ஜேர்மன் படை கிரேக்கத்துக்குள் நுழைந்தபோது அவர் சிறு பிள்ளை. அந்தக் குளிர்காலத்தில் ஆதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து இறந்தார்கள். மலைக்கிராமங்களில் ஆடு வைத்திருந்தவன் ஆட்டைக் குகையில் ஒளித்தான். ஜேர்மானியர் போனபின் 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. கேட்டால், "சொந்தக்காரன் சொந்தக்காரனைச் சுட்ட காலம்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்குவார். அந்த மௌனத்தை இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

1952இல் அவுஸ்திரேலியாவும் கிரேக்கமும் குடிபெயர்வு உடன்பாடு செய்தன. கப்பல் செலவில் உதவி கிடைக்கும், பதிலுக்கு இரண்டு ஆண்டுகள் அரசாங்கம் காட்டிய வேலையைச் செய்யவேண்டும். பத்தொன்பது வயதில், அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்ட் மெல்பேர்னின் ஸ்டேஷன் பியரில் வந்து இறங்கினார். அங்கிருந்து ரயிலில் பொனெகில்லா முகாம். 1947 முதல் 1971 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட குடியேறிகள் கடந்துபோன தகரக் கொட்டகைகள் அவை. அங்கே கிடைத்த உணவு, நாளுக்கு நாள், வேகவைத்த கிழட்டுச் செம்மறி. ஒலிவ எண்ணெய் இல்லை, எலுமிச்சை இல்லை, பூண்டு இல்லை. ஆட்டுக்காரன் மகனுக்கு ஆட்டிறைச்சியின் மணமே வயிற்றைப் புரட்டியதாம். "நல்ல இறைச்சியை இப்படியும் கெடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்" என்று பிற்காலத்தில் சொல்வார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை.

இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் இரும்போடு போராடினார். பிறகு இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் எலும்பு நீக்கும் வரிசையில் வேலை. அந்நாளில் மெல்பேர்னின் இறைச்சி வணிகம் நியூமார்க்கெட் கால்நடைச் சந்தையைச் சுற்றியே நடந்தது. 1987இல் அது மூடப்படும் வரை நாட்டுப்புறத்து மாடுகளும் ஆடுகளும் அங்கேதான் வந்து இறங்கின. எலும்பு நீக்குகிறவன் நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்வான். குளிரில் விரல் விறைக்கும், மணிக்கட்டு வீங்கும். பாப்பூவின் இடது கை சின்னவிரல் கடைசிவரை மடங்கவில்லை. அந்தக் கூலியைச் சேர்த்து, மைத்துனரையும் கூட்டுச் சேர்த்து, ஓக்லிப் பக்கத்தில் ஒரு கடையை வாங்கினார். முன்னால் கடை, பின்னால் வீடு.

அவருடைய மனைவி, நம் எல்லோருக்கும் 'யாயா', இதோ முன்வரிசையில் இருக்கிறார். புகைப்படம் பார்த்து நிச்சயித்த கலியாணம். அந்த ஆண்டுகளில் மணப்பெண்களை நூற்றுக்கணக்கில் ஏற்றிவந்த கப்பல்கள் உண்டு. கடிதத்திலும் படத்திலும் மட்டுமே பார்த்த மாப்பிள்ளையைத் துறைமுகக் கூட்டத்தில் தேடிப் பிடிக்கவேண்டும். இந்த மண்டபத்தில் எத்தனை அம்மாமார் விமான நிலையத்தில் அப்படித் தேடியிருக்கிறீர்கள்! கடையைத் தொடங்கியவர் பாப்பூ என்றால், கடையைக் காப்பாற்றியவர் யாயா. தோடம்பழத் தோலும் வைனும் சேர்த்து அவர் செய்த லூக்கானிக்கோ சொசேஜைத் தேடித்தான் முதலில் கிரேக்கரும், பிறகு இத்தாலியரும், பிறகு வெள்ளைக்காரரும் அந்த வாசலுக்கு வந்தார்கள். கணக்கு முழுவதும் அவர் கையில். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சீருடையோடு தட்டுக் கழுவினார்கள். குடும்பத் தொழில் என்று சொல்லும்போது இந்த உழைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பது ஒருவர் பெயர்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் இலங்கையிலிருந்து பெருந்தொகையில் இந்த நகரத்துக்கு வரத் தொடங்கினார்கள். குளிர், வேலை, மொழி எல்லாவற்றோடும் ஒரு சிறிய துயரமும் இருந்தது: வெள்ளாட்டு இறைச்சி கிடைக்கவில்லை. உலகத்துக்கே ஆட்டிறைச்சி ஏற்றுமதி செய்கிற இந்த நாட்டில், ஊர்க்கடைகளில் செம்மறிக் குட்டியும் மாடும் பன்றியும்தான். குடல் வேண்டும் என்று கேட்டால், நாய்க்கா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. என் அம்மாவிடம் ஒரு கடையில் அப்படிக் கேட்டார்கள். அந்த வாசலை அவர் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

யாரோ சொல்லி அம்மா பாப்பூவின் கடைக்குப் போனார். ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. அம்மா கையால் கொம்பும் தாடியும் காட்டினார். பாப்பூ சிரித்துக்கொண்டே குளிரறைக்குள் போய் ஒரு முழு வெள்ளாட்டைத் தோளில் சுமந்துவந்து மரக்கட்டையில் போட்டார். பிறகு கேட்டார்: "எப்படி வெட்டித் தரட்டும்?" இந்த நாட்டுக்கு வந்தபிறகு, உனக்கு எப்படி வேண்டும் என்று அம்மாவிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எலும்போடு, சின்னத் துண்டாக, என்று விரலில் அளவு காட்டினார் அம்மா. மின்வாளில் அறுத்தால் வேலை நிமிடத்தில் முடியும். ஆனால் எலும்புத் தூள் சதையில் ஒட்டிக் குழம்பு நறநறக்கும் என்று பாப்பூவுக்குத் தெரியும். எங்களுக்கு வெட்டும்போது கத்தியைத்தான் எடுத்தார், கடைசிவரை.

குடலும் ஈரலும் கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிரேக்கர்களின் பெரிய நோன்பு நாற்பது நாளுக்கு மேல். அத்தனை நாளும் இறைச்சி இல்லை. உயிர்த்த ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில், தேவாலயத்திலிருந்து மெழுகுதிரியோடு வீடு திரும்பி முதலில் குடிப்பது மாயிரீட்சா. ஆட்டின் ஈரலும் நுரையீரலும் குடலும் போட்ட சூப். விடிந்ததும் முழு ஆடு கம்பியில் சுழலும், பக்கத்தில் குடல் சுற்றிய கொக்கொரெட்சி வேகும். ஆட்டில் எதையும் வீசாத மனிதர்கள் வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். கிரேக்கர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு, நம்மில் பலருக்குச் செவ்வாயும் வெள்ளியும் விரதம். "வெள்ளிக்கிழமை என் கடையில் கடவுளுக்கு விடுமுறை கிடையாது" என்பார்.

பிறகு அம்மா அவருக்குப் பங்கு முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் தீபாவளிக்கு நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி, தொடை, நெஞ்சு, ஈரல், எலும்பு என்று ஒவ்வொன்றிலும் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்போமே, அந்தப் பங்கு. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அந்தக் கடையில் 'பங்கு' என்று தமிழில் சொன்னால் போதும். கிரேக்க எழுத்தில் நம் பெயர்களை எழுதிய கொப்பியைப் பார்த்துப் பொதியை எடுத்துத் தருவார். கடனும் கொடுத்தார். சம்பள நாளான வியாழக்கிழமை கறாராகத் திருப்பி வாங்கினார். தானம் என்று தந்திருந்தால் அப்பா இரண்டாம் முறை போயிருக்கமாட்டார்.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். நாம் இறைச்சி உண்டோம். ஆனால் அதை வெட்டித் தந்தவரை ஊரில் எங்கே வைத்தோம்? படலையோடு நிறுத்தினோம். அவர் வீட்டில் தண்ணீர் குடித்தோமா? பெண் கொடுப்பது இருக்கட்டும், சபையில் இருக்கை கொடுத்தோமா? கிரேக்கர்களிடம் ஹஸாப்பிகோ என்று ஒரு நடனம் உண்டு. கொன்ஸ்தாந்திநோபிளில் இறைச்சி வெட்டுவோர் சங்கத்தார் தோளோடு தோள் சேர்த்து ஆடிய ஆட்டம் அது. 1964இல் 'ஸோர்பா த கிரீக்' படத்துக்காக, மிக்கிஸ் தியோடொராக்கிஸ் இசையில், அந்த ஆட்டத்தைக் கொண்டே சிர்த்தாக்கியை அமைத்தார்கள். கிரேக்கம் என்றதும் உலகம் நினைக்கிற ஆட்டம் இன்று அதுதான். இறைச்சி வெட்டுவோரின் அடிவைப்பை ஒரு தேசமே தன் அடிவைப்பாக ஏற்றுக்கொண்டது. நம்மில் பறை அடித்தவர்களும் இறைச்சி வெட்டியவர்களும் வளர்த்த கலைகளுக்கு நாம் என்ன செய்தோம் என்பதை வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

பாப்பூவின் கடையில் நம் பையன்கள் பலர் சனிக்கிழமை வேலை செய்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'கடையில் வேலை' என்று மட்டும் எழுதினார்கள், என்ன கடை என்று எழுதவில்லை. ஒருவர் மட்டும் முறையாகப் பயிற்சி முடித்துத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். வீட்டில் பெரிய சண்டை. பாப்பூ ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அவருடைய அப்பாவின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "உங்கள் மகனுக்கு நல்ல கை இருக்கிறது. என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்." அந்தத் தமிழ்ப் பிள்ளை இன்று பாப்பூவின் பேத்தியோடு பங்காளியாகக் கடையை நடத்துகிறார். தம்பி, பின்வரிசையில் நிற்காதே, முன்னால் வா. யாயாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் போட்டிருக்கிறது.

இந்தச் சங்கம் வெளியிடப்போகும் மலரில், மெல்பேர்ன் தமிழர் வரலாறு என்ற பகுதியில், இந்தக் கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டிருக்கிறார். பங்கு வாங்கிய வீட்டார் எல்லோரும் தங்கள் நினைவுகளை எழுதித் தாருங்கள். படம் இருந்தால் அதையும் கொடுங்கள்.

கடைசியாக ஓர் அறிவித்தல். வரும் ஞாயிறு அவர்களுடைய தேவாலயத்தில் நாற்பதாம் நாள் வழிபாடு. நம் அந்தியேட்டி முப்பத்தொன்றில், அவர்களுக்கு நாற்பதில். அவித்த கோதுமையில் சீனி, பாதாம், மாதுளை முத்துக்கள் கலந்து கோலிவா என்று ஒன்று தருவார்கள். அதில் இறைச்சி இல்லை, விரதக்காரரும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டப வாசலிலிருந்து ஒரு பஸ் புறப்படும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தம்பியிடம் கொடுங்கள். கொப்பி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.