வீட்டுக்கும் ஒரு வெப்பக் கணக்கு



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் விதுராவைக் கடந்தால் கல்லாறு வரும். பெயருக்கு நாம் பொருள் உரைக்க வேண்டியதில்லை. ஆற்றில் இறங்கினால் காலே சொல்லிவிடும். அங்கே வாடகை வீட்டில் வாழும் தமிழ் அன்பர் ஒருவருடன் சென்ற கோடையில் ஓர் இரவு தங்கினோம். வெளியே மலைக்காற்று வீசியது; உள்ளேயோ கான்கிரீட் கூரையின் கீழ் இரவு பத்து மணிக்கும் புழுக்கம் தணியவில்லை. "மின்கட்டணத்துக்குப் பிள்ளையின் படிப்புப் பணத்திலிருந்து எடுக்கிறோம், ஐயா" என்றார் இல்லத்தரசி.

மின்தணிக்கை பெரிய ஆலைகளுக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். வீட்டுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு கருவியின் வாட்டையும் அது ஓடும் மணியையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். அவ்வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றன. மாதத்துக்கு 54 யூனிட். இக்காலத்து 30 வாட் விசிறிகளாயின் 22 யூனிட்டுக்குள் அடங்கும். சமையற்கட்டில் எஞ்சியிருந்த 60 வாட் இழைவிளக்கைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டுவதும் எளிதே. ஆனால், விசிறி ஏன் அத்தனை நேரம் ஓடுகிறது? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, இரவில் அதை வீட்டுக்குள் உமிழ்கிறது. நோய் மேலே இருக்கிறது!

நம் முன்னோர் இதை அறிந்தே ஓட்டுக்கூரையின் கீழ் மச்சு அமைத்தனர். இடைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்தது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுவரின் நடுவே வெற்றிடம் விட்டார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வீடும் குளிர்ந்தது. உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் அவர் கைவண்ணத்தை இன்றும் காணலாம்.

குளிர்நாட்டார் போலப் பஞ்சு அடைப்பது கல்லாற்று மழைக்கு உதவாது. அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்; நனைந்த பஞ்சினால் என்ன பயன்? மொட்டைமாடிக்கு மேல் காற்றோட்டம் விட்டுத் தகரக்கூரை போடுவது அங்கே வழக்கம். பலர் துணி உலர்த்தவே போடுகின்றனர்; வெப்பம் தணிவது உபரிப் பயன். குடியிருப்பவருக்கோ அச்செலவு கட்டாது. ஆகவே விரிசல்களை அடைத்து, மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னோம். வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாங்கித் தந்தார். அடித்தவர் நம் அன்பர். இரவில் இப்போது ஒரு விசிறியே போதுமென்று எழுதியிருக்கிறார். மழை கழுவிவிடுவதால் அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டுமாம்.